மரப்பில்லாமல் கை மெலிந்தால்…

சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்று வரும் இளைஞர்களுக்கு முதலில் கிடைக்கும் பெயர் 'நரம்புத் தளர்ச்சி'. பிறகு பி12 ஊசி, டானிக், எண்ணெய்க் கட்டு என்று மாதங்கள் ஓடும். அதற்குள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குழி விழுந்துவிடும். வலியில்லை, மரப்பில்லை என்று வீட்டிலும் விட்டுவிடுகிறார்கள். மரப்பில்லாமல் சதை கரைவதுதான் உடனே நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறி.

எந்தச் சதை கரைகிறது என்று பாருங்கள். கட்டைவிரல் மேடு மட்டும் வற்றி, விரல்கள் மரத்தால் மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கலாம். சுண்டுவிரல் மரத்து மடங்கினால் முழங்கை நரம்பில் கோளாறு. தொழுநோயா என்றும் பார்த்தாக வேண்டும். மரப்பே இல்லாமல் கட்டைவிரல் மேடும் ஆள்காட்டி விரலோரச் சதையும் கரைந்து, சுண்டுவிரல் மேடு ஓரளவு தப்பியிருந்தால் ஏ.எல்.எஸ். என்னும் மோட்டார் நியூரான் நோயைச் சந்தேகிப்பார்கள்.

ஆனால் பதினெட்டு வயதுப் பையனின் கை மெலிந்ததும் செல்போனில் ஏ.எல்.எஸ். படித்துவிட்டு அழாதீர்கள். சுண்டுவிரல் பக்கம் கூடுதலாக வற்றி, குளிரில் விரல்கள் மேலும் தளர்ந்தால் அது ஜப்பானிய மருத்துவர் ஹிராயாமா 1959இல் விவரித்த நோயாக இருக்கலாம். பெரும்பாலும் 15 முதல் 25 வயது ஆண்களுக்கு வரும். கழுத்து குனியும்போது தண்டுவடம் அழுத்தப்படுவதே காரணம். சில ஆண்டுகளில் பெரும்பாலும் தானாக நின்றுவிடும். போன சதை திரும்பாது. அதனால்தான் கழுத்துப் பட்டையைச் சீக்கிரம் தொடங்கச் சொல்கிறார்கள்.

இங்கேதான் ஸ்கேன் கோட்டை விடுகிறது. நேராகப் படுக்கவைத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. 'நார்மல்' என்றே வரக்கூடும். பணம் கட்டும் முன் சீட்டைப் பாருங்கள்: 'கழுத்து குனிந்த நிலையிலும்' எடுக்க எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் மருத்துவரிடம் கேளுங்கள். திரும்பவும் சொல்கிறேன், குனிந்த நிலையிலும். நரம்புக் கடத்தல் சோதனையோடு, தசையின் மின் இயக்கத்தைப் பார்க்கும் ஈ.எம்.ஜி.யும் வேண்டும், அதை மெலிந்த கையில் மட்டும் செய்து அனுப்பிவிட்டால் போதாது, மற்றக் கை கால்களிலும் பார்க்க வேண்டியிருக்கும். ஏ.எல்.எஸ். போலவே தோன்றி, இம்யூனோகுளோபுலினுக்குக் கட்டுப்படும் நரம்பு நோயும் உண்டு. அதைத் தவறவிடுவது பெரும் அநியாயம்.

முன்பு பார்த்த மருத்துவரிடம் பழைய மருத்துவ ஆவணங்களை எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. 'கம்ப்யூட்டரில் இல்லை' என்பது பதிலாகாது.

கை செயலிழந்திருந்தால், மாற்றுத்திறனாளிச் சான்றுக்கும் அடையாள அட்டைக்குமான யு.டி.ஐ.டி. இணையதளத்தில் ஆதார், புகைப்படம், ஈ.எம்.ஜி., ஸ்கேன் அறிக்கைகளோடு விண்ணப்பியுங்கள். தமிழ்நாட்டில் சந்தேகம் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். முக்கியச் சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு தேவை. 'கைதானே, நடக்கிறாயே' என்று திருப்பி அனுப்பினால் சும்மா வராதீர்கள். சான்றளிப்பவரின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு இடம் தருகிறது. மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.