உச்சிக்குழி சொல்லும் செய்தி

பழனி மலைச் சரிவில், பெரியகுளத்திற்கும் கொடைக்கானலுக்கும் இடையே உள்ள சிற்றூர் அடுக்கம். அங்கே ஒரு தாய்க்கு ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டதாகக் கொள்வோம். பிழைத்து வீடு திரும்பிய அக்குழந்தையின் தலை நாளுக்கு நாள் பெருக்கிறது. "பெரிய தலை, பெரிய அறிவாளியாவான்" என்று உறவினர் மகிழ்கின்றனர். அந்த மகிழ்ச்சி ஆபத்தானது. ஏன்?

நம் மூளையின் நடுவே நீரறைகள் உள்ளன. அவற்றில் ஊறும் தெளிந்த நீர், மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றிவந்து இரத்தத்தில் கலக்கிறது. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் ஊறுகிறது. 32 வாரங்களுக்கு முன் பிறக்கும் குழந்தைகளுக்கு அவ்வறைகளின் ஓரத்து இரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. பெரும்பாலும் முதல் 3 நாட்களுக்குள் அவை கசிகின்றன. கசிந்த இரத்தம் நீர் வடியும் வழியை அடைத்துவிட்டால், அறைகள் வீங்கி மூளையை நெருக்குகின்றன. மண்டையெலும்புகள் இன்னும் ஒன்று சேராததால் தலையும் பெருக்கிறது.

இதற்கு மருத்துவம் என்ன? சிலருக்கு அடைப்பு தானே விலகும். ஆகவே உச்சிக்குழி வழியாக ஸ்கேன் எடுத்துக் கவனிப்பர். அழுத்தம் மிகுந்தால் ஊசியால் நீரை எடுப்பர். அல்லது தலைத்தோலின் கீழ் சிறு குமிழ் ஒன்றை வைத்து அதன் வழியே எடுப்பர். குழந்தை ஏறத்தாழ 2 கிலோ எடை எட்டி, நீரில் இரத்தம் தெளிந்த பின்னும் தேக்கம் நீடித்தால், மூளையிலிருந்து வயிற்றுக்குத் தோலின் கீழாகவே மெல்லிய குழாய் பொருத்துவர். இதற்கு 'ஷன்ட்' என்று பெயர். நீர் திரும்பி ஏறாதபடி அதில் ஒரு வால்வு உண்டு. அமெரிக்காவில் ஜான் ஹோல்ட்டர் என்பவர், தம் மகனுக்கு இந்நோய் கண்டதால் 1956இல் இத்தகைய வால்வு ஒன்றை உருவாக்கினார். அவர் மருத்துவரல்லர், தொழில்நுட்பர்!

நம் நாட்டிலும் உத்தரப்பிரதேசத்து ஷாஜகான்பூரில் 'சாப்ரா ஷன்ட்' செய்யப்படுகிறது. உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2005இல் வெளியாயிற்று. ஏறத்தாழ 35 டாலர் விலையுள்ள சாப்ராவும் 650 டாலர் விலையுள்ள அயல்நாட்டு ஷன்ட்டும் ஓராண்டின் முடிவில் ஒன்றுபோலவே பயன் தந்திருந்தன. ஏழைக்கும் எட்டும் மருத்துவம் தரத்தில் தாழ்ந்ததன்று என்பதற்கு இது சான்றன்றோ?

ஆயினும் குழாய் பொருத்தியதோடு கவலை தீர்ந்துவிடாது. அது அடைபடலாம், கிருமி தொற்றலாம். வாந்தி, ஓயாத அழுகை, மயக்கம் கண்டால் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மலைவாழ் மக்களுக்கு இந்த 'உடனே' என்னும் சொல்தான் கடினமானது.

நண்பர்களே! குறைப்பிரசவம் நேரலாம் எனத் தெரிந்ததும் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி இக்கசிவைக் குறைக்கும். குறைமாதக் குழந்தையின் தலையை வாரந்தோறும் இஞ்சு டேப்பால் அளந்து குறித்து வரலாம். வாரத்தில் 2 சென்டிமீட்டருக்கு மேல் கூடினாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, கண்கள் கீழ்நோக்கியே நின்றாலோ நாள் கடத்தலாகாது. படித்த நாம் நம் ஊர்த் தாய்மார்களுக்கு இதைச் சொல்வோம். தையற்காரர் கையிலுள்ள அதே டேப், ஒரு குழந்தையின் அறிவையும் உயிரையும் காக்கக் கூடும்.