கோடரியே கையொப்பம்

1634-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தின் பெர்ஷ் பிரதேசத்திலிருந்து கியூபெக்கிற்குக் கப்பலேறிய ஸகாரி குளூத்தியே என்னும் தச்சர், கையெழுத்திடத் தெரியாதவராகையால், பத்திரங்களில் தம் பெயருக்குப் பதிலாக ஒரு கோடரியின் உருவத்தையே வரைந்து வந்தார். இன்றைய கனடாவில் அவரை மூலபுருஷராகக் கொண்ட பிரெஞ்சுக் குடும்பங்கள் எண்ணற்றவை.

வம்சாவளியில் அவ்வளவு தூரம் பின்னோக்கிச் செல்வது சாத்தியமாவதற்குக் காரணம் கத்தோலிக்கப் பாதிரிமார்களே. ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் அவர்கள் பங்குக் கோயில் பதிவேட்டில் எழுதி வைத்தனர்; விவாகப் பதிவில் மணமக்களின் பெற்றோர் பெயர்களும் பெரும்பாலும் காணப்படுவதால், ஒரு விவாகத்திலிருந்து அதற்கு முந்திய தலைமுறையின் விவாகத்திற்கு ஏணிப்படிபோல் ஏறிச் செல்லலாம். மணமான பின்னும் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறிக்கப்பட்டமை, தாய்வழியைத் தேடுவோருக்கு வாய்த்த மகா பாக்கியம்.

இடையூறுகளும் உண்டு. 1640-இல் கியூபெக் தேவாலயம் தீக்கிரையானபோது பதிவேடுகளும் எரிந்தன. பிறகு ஞாபகத்திலிருந்தே அவை மீண்டும் எழுதப்பட்டன! குடும்பப் பெயரோடு 'தி' ('எனப்படும்') என்ற சொல்லால் ஒட்டிக்கொள்ளும் மாற்றுப் பெயரைப் பிள்ளைகளிற் சிலர் மட்டும் ஏற்றுக்கொண்ட வழக்கம் இன்னொரு குழப்பம். சிப்ரியென் தாங்கே பாதிரியார் 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட வம்ச அகராதி அரிய துணையே. எனினும் பிழைகளும் அதில் உண்டாகையால், மூலப் பதிவேட்டோடு ஒப்பிடாமல் அதை நம்புதல் கூடாது.