கடல் உண்டு, குளிக்க முடியாது!
காலணா செலவில்லாமல் குடும்பங்கள் பொழுது போக்கும் கெய்ன்ஸ் நகரம்

ஊர் கடலோரத்தில் இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர். வெயிலோ கொளுத்துகிறது. ஆனால் கரையில் நிற்கும் குழந்தைகளில் ஒன்றுகூடக் கடலில் இறங்கவில்லை.

ஏன்?

கரையில் நட்டு வைத்திருக்கும் மஞ்சள் பலகை பதில் சொல்கிறது. அதில் முதலையின் படம் இருக்கிறது. இந்தக் கடலில் முதலை உண்டு!

இது ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் உள்ள கெய்ன்ஸ் நகரம். குவீன்ஸ்லாந்து மாநிலத்தைச் சேர்ந்தது. மாநிலத் தலைநகரான பிரிஸ்பேனிலிருந்து வடக்கே சுமார் 1,700 கிலோமீட்டர் போக வேண்டும். 1876-ம் ஆண்டில், தங்கச் சுரங்கங்களுக்குத் துறைமுகமாகத் தொடங்கிய ஊர் இது. இன்று ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள். சுற்றிலும் கரும்பு வயல்கள். முதுகுப் பக்கம் காடு மூடிய மலைகள். முன்னால் கடல். அந்தக் கடலுக்குள்தான் உலகப் புகழ் பெற்ற பவளப் பாறைகள் இருக்கின்றன.

பவளப் பாறையைப் பார்க்கத்தான் எல்லா நாட்டாரும் வருகிறார்கள். ஆனால் படகுக் கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றும். பெரும்பாலான படகுகளில், ஒரு நாள் பயணத்துக்குப் பெரியவர் ஒருவருக்கு 200 டாலருக்கு மேல் ஆகிறது. தாய், தகப்பன், இரண்டு குழந்தைகள் என்று கிளம்பினால் சிறு குடும்பத்தின் சேமிப்பு கடலில் கரைத்த பெருங்காயம்தான்!

கையில் காசு குறைவாக உள்ள குடும்பம் கெய்ன்ஸில் என்ன செய்யும்? நிறையச் செய்யலாம். இந்த ஊரின் நல்ல இடங்களில் பல, காசு கேட்காதவை. பணம் வாங்கும் இடங்களே விளம்பரம் செய்கின்றன. இலவச இடத்துக்கு விளம்பரம் செய்ய ஆள் ஏது?

அதைச் சொல்வதற்கு முன், கடலின் கதையைச் சொல்ல வேண்டும்.

கொல்லும் சொறி மீன்

முதலை மட்டும் என்றால் கண்ணுக்குத் தெரியும். இந்தக் கடலில் கண்ணுக்குத் தெரியாத எமனும் உண்டு. அது சொறி மீன். ஜெல்லி மீன் என்றும் சொல்வார்கள். கண்ணாடி போன்ற உடம்பு. தண்ணீரோடு தண்ணீராக மிதக்கும். அதன் இழைகள் மேலே பட்டால் போதும், விஷம் ஏறிவிடும்.

1955-ம் ஆண்டு ஜனவரி மாதம். கெய்ன்ஸுக்குத் தெற்கே கார்ட்வெல் என்ற ஊரில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் கடலில் இறங்கினான். ஏதோ கொட்டியது. சிறுவன் இறந்து போனான்.

கெய்ன்ஸில் ஹியூகோ பிளெக்கர் என்ற டாக்டர் இருந்தார். எக்ஸ்ரே டாக்டர், செடி கொடிகளையும் பூச்சிகளையும் ஆராய்வதில் பிரியம் உள்ளவர். அவர் சும்மா இருக்கவில்லை. பையன் இறந்த இடத்தில் வலை போடும்படி போலீசாரைக் கேட்டுக்கொண்டார். வலையில் பெட்டி போன்ற உடம்புடைய ஒரு சொறி மீன் சிக்கியது. அடிலெய்டு நகரிலிருந்த டாக்டர் சவுத்காட்டுக்கு அதை அனுப்பினார். இது உலகம் அறியாத புது இனம் என்று அவர் கண்டுபிடித்தார். பிளெக்கரின் பெயரையே அதற்குச் சூட்டினார். சில நிமிடங்களில் ஆளைக் கொல்லக்கூடிய பிராணி அது.

ஆனால் இன்னொரு மர்மம் மிச்சம் இருந்தது. கடலில் குளித்தவர்கள் சிலருக்கு, கரையேறிய பிறகு, சுமார் அரை மணி நேரம் கழித்து முதுகு வலி, வயிற்று வலி, வாந்தி எல்லாம் வரும். துடித்துப் போவார்கள். உடம்பிலோ பெரிய காயம் இராது. எது கடித்தது என்றே தெரியாது. இந்த நோய்க்கு 'இருகாஞ்சி' என்று டாக்டர் பிளெக்கர் பெயர் வைத்திருந்தார். அந்தக் கரையில் தொன்றுதொட்டு வாழும் பூர்வகுடி மக்களின் பெயர் அது.

தன் மகனையே கொட்ட வைத்த டாக்டர்

மர்மத்தை அவிழ்த்தவர் ஜாக் பார்ன்ஸ் என்ற மற்றொரு கெய்ன்ஸ் டாக்டர். அவர் கடலில் தேடித் தேடி, சுண்டு விரல் நகம் அளவே உள்ள ஒரு சிறு சொறி மீனைப் பிடித்தார். இதுதான் குற்றவாளி என்று சந்தேகப்பட்டார். எப்படி நிரூபிப்பது?

1961-ம் ஆண்டு அவர் செய்த காரியம் இன்றும் கேட்பவர்களைத் திடுக்கிட வைக்கிறது. அந்தச் சிறு பிராணியைத் தம் மேலேயே கொட்ட வைத்துக்கொண்டார். உடன் இருந்த தம் ஒன்பது வயது மகனையும் கொட்ட வைத்தார். கடற்கரைக் காவலர் ஒருவரும் கொட்டு வாங்கினார். சிறிது நேரத்தில் மூவரும் வலியால் துடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். நல்ல வேளை, மூவரும் பிழைத்தார்கள். மர்மம் தீர்ந்தது. அந்தப் பிராணிக்கு இன்று பார்ன்ஸின் பெயர்.

பெற்ற பிள்ளையைச் சோதனைக்கு உள்ளாக்கியது சரியா? இன்றைய டாக்டர்கள் யாரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அதன் பலனை இன்று ஊரே அனுபவிக்கிறது. நவம்பர் முதல் மே வரை சொறி மீன் காலம் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். கடற்கரைகளில் வினிகர் பாட்டில் வைத்திருக்கிறார்கள். கொட்டியவுடன் ஊற்ற அது உதவும். ஊருக்கு வடக்கே பாம் கோவ் போன்ற மணல் கரைகளில், அந்த மாதங்களில் தண்ணீருக்குள் வலை கட்டுகிறார்கள். சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவே, காவலர் பார்வையில்தான் குளிக்க வேண்டும். வலை பெரிய சொறியைத் தடுக்கும். நகம் அளவுள்ள சிறு சொறியைத் தடுக்காது. இதைப் பெற்றோர் மறக்கக் கூடாது.

ஊரார் குளிக்க ஒரு குளம்

கடல் ஆகாது. வெயிலும் தாங்காது. அப்படியானால் ஊர்க் குழந்தைகள் எங்கே குளிப்பார்கள்?

நகராட்சி ஒரு வழி கண்டது. கடலை ஒட்டியே, கரையின் மேல் பிரம்மாண்டமான குளம் ஒன்றைக் கட்டியது. 2003-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. பரப்பு 4,800 சதுர மீட்டர். வடிகட்டிய உப்புத் தண்ணீர். ஓரத்தில் மணல் பரப்பியிருக்கிறார்கள். தவழும் குழந்தையும் உட்கார்ந்து அளையலாம். பெரியவர்கள் உள்ளே போய் நீந்தலாம். உயிர் காக்கும் காவலர்கள் இருக்கிறார்கள். கட்டணம்? ஒரு சென்ட்கூடக் கிடையாது!

குளத்தின் நடுவே உலோகத்தால் ஆன பெரிய மீன்கள் தூண் மேல் நிற்கின்றன. டாரஸ் ஜலசந்தித் தீவுகளைச் சேர்ந்த பிரையன் ராபின்சன் என்ற கலைஞரின் வேலை. ஓலையில் முடைந்த மீன் பொம்மை போலவே இருக்கும்.

பணக்கார ஓட்டலில் தங்கியவரும் வருகிறார். கரும்பு வயலில் வேலை செய்பவரும் வருகிறார். ஒரே தண்ணீர்தான். சுற்றிலும் புல்தரை, நிழல் மரங்கள். பொத்தானை அழுத்தினால் சூடாகும் மின்சார அடுப்புகள் ஆங்காங்கே உண்டு. அவற்றுக்கும் காசு இல்லை. வீட்டிலிருந்து மீனோ கறியோ கொண்டு வந்து அங்கேயே சுட்டுச் சாப்பிடுகிறார்கள். சாப்பாட்டுக் கடைக்குக் கொடுக்கும் பணம் மிச்சம்! சற்றுத் தூரத்தில் 'மடீஸ்' என்ற விளையாட்டிடம் இருக்கிறது. சின்னக் குழந்தைகள் அதை விட்டு எளிதில் வர மாட்டார்கள்.

சேற்றில் ஒரு வேடிக்கை

குளத்தை விட்டுக் கரையோரமாக நடந்தால் வேறொரு காட்சி. கடல் வற்றும் நேரத்தில் நெடுந்தூரம் சேறு தெரியும். "சீ, சேறு!" என்று போய்விடக் கூடாது. சேற்றில் துள்ளும் மீன்கள் உண்டு. ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள நண்டுகள், அதை ஆட்டி ஆட்டிக் கூப்பிடும். நீண்டு வளைந்த மூக்குள்ள பறவைகள் சேற்றைக் குத்திக் குத்தி இரை தேடும். இவை சைபீரியாவிலிருந்து கடல் கடந்து வந்தவை. அங்கே பனி கொட்டும்போது இங்கே வந்துவிடும். தண்ணீர் ஏறி வரும் வேளையில் பறவைகள் கரைக்கு நெருங்கும். பார்க்க அதுவே நல்ல நேரம். நடைபாதையில் நின்றுதான் பார்க்க வேண்டும். இறங்கக் கூடாது. முதலை நினைவிருக்கட்டும்!

காடும் அருவியும்

எட்ஜ் ஹில் என்ற பகுதியில் 1886-ல் தோன்றிய தாவரத் தோட்டம் இருக்கிறது. இதுவும் இலவசம். சொறி மீனைப் பிடித்த டாக்டர் பிளெக்கரின் பெயர் இந்தத் தோட்டத்திலும் விளங்குகிறது. பூச்சி பிடித்துத் தின்னும் செடிகளைக் கண்ணாடி வீட்டில் காணலாம். மழைக்காட்டுக்குள் மரப்பலகைப் பாதையில் நடக்கலாம். பக்கத்திலேயே, இரண்டாம் உலகப் போரின்போது கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தொட்டிகள் நிற்கின்றன. இன்று அவற்றில் நாடகமும் பாட்டும் ஓவியக் காட்சியும் நடக்கின்றன.

தோட்டத்தை ஒட்டிய மலையில் 'சிவப்பு அம்பு' என்று ஒரு பாதை. ஒரு மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடலாம். மேலே நின்றால் விமான நிலையம் காலடியில் தெரியும். விமானம் எழும்புவதைப் பார்க்கப் பையன்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. மூச்சு வாங்கும் தாத்தா பாட்டியைக் கீழே தோட்டத்தில் உட்கார வைத்துவிட்டுப் போவது உத்தமம்.

ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் கிரிஸ்டல் கேஸ்கேட்ஸ் அருவிகள். நல்ல தண்ணீர். பாறைகளுக்கு நடுவே மடு மடுவாகத் தேங்கி நிற்கும். நுழைவுக் கட்டணம் இல்லை. சொந்த வண்டி இருந்தால் போய்வரச் சௌகரியம். ஆனால் பாதை ஓரத்தில் உள்ள ஒரு செடியைத் தொடவே கூடாது. பூவரச இலை போன்ற பெரிய இலை. அதன் மேல் பொடி முடிகள். தோலில் ஏறினால் வலி எளிதில் போகாது. குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டே போக வேண்டும். மலையில் மழை பெய்தால் வெள்ளம் திடீரென்று வரும். அன்று அருவிப் பக்கமே போகக் கூடாது.

அரை டாலர் பஸ்

இவற்றுக்கெல்லாம் போக வழிச் செலவு உண்டே என்று கேட்கலாம். 2024 ஆகஸ்டு மாதம் குவீன்ஸ்லாந்து அரசு, பஸ் கட்டணத்தை ஒரு பயணத்துக்கு 50 சென்ட் என்று குறைத்தது. சோதனையாகத் தொடங்கிய இந்தத் திட்டம் 2025-ல் நிரந்தரமானது. கெய்ன்ஸ் நகர பஸ்களுக்கும் இது பொருந்தும். நான்கு பேர் பாம் கோவ் கடற்கரைக்குப் போய்த் திரும்ப 4 டாலருக்கு மேல் ஆகாது.

திரும்பும் வழியில் ரஸ்டி சந்தையில் இறங்கலாம். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் கூடுகிறது. மாம்பழம், பப்பாளி, பலா, ரம்புட்டான் எல்லாம் குவிந்து கிடக்கும். சுற்றிப் பார்க்கக் காசு இல்லை. ஞாயிறு பிற்பகலில், கடை கட்டும் நேரத்தில் போனால் விலையைக் குறைத்துக் கூவுவார்கள். உள்ளூர்ப் பெண்கள் அதற்கென்றே பையோடு காத்திருக்கிறார்கள்.