கத்ரி கோபால்நாத்

கத்ரி கோபால்நாத் (டிசம்பர் 6, 1949 – அக்டோபர் 11, 2019) கருநாடக இசையைச் சாக்சபோனில் வாசித்துப் புகழ்பெற்ற இசைக்கலைஞர் ஆவார். மேற்கத்திய இராணுவ இசைக்குழுக்களுக்கும் ஜாஸ் இசைக்கும் உரியதாகக் கருதப்பட்ட இக்கருவியைக் கருநாடக இசைக் கச்சேரியின் முதன்மைக் கருவியாக நிலைநிறுத்தியவர் இவர்.

இளமையும் கல்வியும்

கர்நாடக மாநிலம் தட்சிண கன்னட மாவட்டத்தில் பிறந்தவர். தந்தை தனியப்பா நாதசுவரக் கலைஞர். கோபால்நாத்தும் முதலில் தந்தையிடம் நாதசுவரமே பயின்றார். சிறுவயதில் மைசூர் அரண்மனை இசைக்குழுவினர் சாக்சபோன் வாசிக்கக் கேட்டு, அதன் ஒலியால் ஈர்க்கப்பட்டு அக்கருவியையே கற்க முடிவு செய்தார். கருநாடக இசையை அதில் வாசிக்கக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அன்று இல்லை. எனவே இசையை மங்களூர் கலாநிகேதனத்தைச் சேர்ந்த என். கோபாலகிருஷ்ண ஐயரிடம் பயின்று, அதைக் கருவியில் கொண்டுவரும் வழியைத் தம் சொந்த முயற்சியால் கண்டறிந்தார். கருவி முழுமையாக வசப்பட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. பின்னர் சென்னையில் வாய்ப்பாட்டு, மிருதங்கம் ஆகிய இரண்டிலும் வல்லவரான டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் மேற்பயிற்சி பெற்றார்.

கருவியும் கமகமும்

சாக்சபோன் பெல்ஜிய நாட்டவரான அடால்ப் சாக்ஸ் உருவாக்கிய கருவி. இதற்கு 1846 இல் பாரிசில் காப்புரிமை பெறப்பட்டது. பித்தளையால் ஆன கூம்புவடிவக் குழாயும் ஒற்றை நாணல் பொருத்திய ஊதுவாயும் இதன் முக்கிய உறுப்புகள்.

நாதசுவரத்தின் துளைகளை வாசிப்பவரின் விரல்களே நேரடியாக மூடுகின்றன. விரலைச் சற்றே விலக்கித் துளையைப் பகுதியாகத் திறந்தால், ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்கு இழைந்து செல்லலாம். சாக்சபோனின் துளைகள் பெரியவை. அவற்றை நெம்புகோல்களால் இயங்கும் மூடிகள் மூடுகின்றன. ஒரு மூடி பொதுவாக முழுமையாக மூடியிருக்கும் அல்லது திறந்திருக்கும். ஆகவே சுரங்கள் படிகளைப் போலத் தனித்தனியாக ஒலிக்கின்றன.

கருநாடக இசையில் இராகத்தின் உருவத்தைத் தருவது சுரங்களுக்கு இடையிலான இழைவும் அசைவும் ஆகிய கமகமே. ஒரே சுரங்களைக் கொண்ட இரு இராகங்கள்கூடக் கமகத்தால் வேறுபடக்கூடும். எனவே கமகம் இல்லாத வாசிப்பில் சுரங்கள் சரியாக இருந்தாலும் இராகம் தோன்றாது. சாக்சபோன் கருநாடக இசைக்கு ஏற்றதன்று என்ற ஐயத்தின் அடிப்படை இதுவே.

கோபால்நாத் இதனை இரு வழிகளில் எதிர்கொண்டார். உதடுகளின் அழுத்தத்தையும் மூச்சின் வேகத்தையும் மாற்றிச் சுரத்தை வளைத்தார். கருவியின் மூடி அமைப்பிலும் தமக்கு வேண்டிய மாற்றங்களைச் செய்துகொண்டார். நாதசுவரத்தில் பெற்ற மூச்சுப் பயிற்சி அவருக்குப் பெரிதும் துணைநின்றது. மேற்கத்திய முறையில் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ வாசிக்கப்படும் கருவியை, அவர் மேடையில் சம்மணமிட்டு அமர்ந்து வாசித்தார்.

மேடை வாழ்வு

அவருடைய கச்சேரிகள் வர்ணம், கீர்த்தனை, இராக ஆலாபனை, தனி ஆவர்த்தனம் என்னும் மரபான அமைப்பையே பின்பற்றின. வயலின் கலைஞர் அ. கன்யாகுமரி நீண்டகாலம் அவருடன் இணைந்து வாசித்தார்.

1980 இல் மும்பையில் நடைபெற்ற ஜாஸ் விழாவில் இவரது வாசிப்பைக் கேட்ட அமெரிக்கச் சாக்சபோன் கலைஞர் ஜான் ஹேண்டி இவருடன் இணைந்து வாசித்தார். அதன் பின்னர் ஐரோப்பிய ஜாஸ் விழாக்களிலும் பங்கேற்றார். 1994 இல் இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பிபிசியின் புரோமனேட் இசை விழாவில் வாசித்தார். அவ்விழாவிற்கு அழைக்கப்பட்ட முதல் கருநாடக இசைக்கலைஞர் இவரே.

அமெரிக்காவைச் சேர்ந்த ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா, தம் அண்ணன் வேடிக்கையாகப் பரிசளித்த இசைத்தட்டு மூலமே கோபால்நாத்தை அறிந்தார். பின்னர் இருவரும் சேர்ந்து உருவாக்கிய "கின்ஸ்மென்" என்னும் இசைத்தொகுப்பு 2008 இல் வெளிவந்தது. ஒரே வகைச் சாக்சபோன் இரு மரபுகளில் எவ்வாறு வேறுபட்டு ஒலிக்கிறது என்பதை இதில் கேட்டறியலாம்.

திரைப்படம்

தமிழ்நாட்டில் இசையரங்குகளுக்கு வெளியே இவரைப் பரவலாக அறியச் செய்தது, கே. பாலச்சந்தர் இயக்கி 1994 இல் வெளிவந்த டூயட் திரைப்படமாகும். ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த இப்படத்தில் பிரபு சாக்சபோன் கலைஞராக நடித்தார். அப்பாத்திரத்திற்கான வாசிப்பில் கோபால்நாத்தின் பங்கு முதன்மையானது.

விருதுகளும் மறைவும்

தமிழ்நாடு அரசின் கலைமாமணி, இந்திய அரசின் பத்மசிறீ (2004), சங்கீத நாடக அகாதமி விருது (2013) ஆகியவற்றைப் பெற்றார். 2019 அக்டோபர் 11 அன்று மங்களூரில் தம் 69 ஆம் அகவையில் காலமானார். இவருடைய மகன் மணிகாந்த் கத்ரி திரைப்பட இசையமைப்பாளர்.

தாக்கம்

ஆசிரியர் இன்றித் தொடங்கிய கோபால்நாத், பின்னாளில் பலருக்கு ஆசிரியரானார். மாணவர்களுள் பெண்களும் அடங்குவர். கடலோரக் கர்நாடகத்தில் கோயில் விழாக்களிலும் திருமணங்களிலும், முன்பு நாதசுவரம் ஒலித்த இடத்தில் சாக்சபோன் ஒலிப்பது வழக்கமாகியுள்ளது.