பூசைக்கும் பூ, பூச்சிக்கும் பூ

மலேசியாவில் வணிக முறையில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917இல். இடம், கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டம். இன்று செம்பனைத் தோட்டங்களின் உட்சாலைகளில் போகிறவர்கள் பல இடங்களில் ஓரமெங்கும் பூச்செடிகளைப் பார்க்கலாம்: நடுவில் கரும்பொட்டு வைத்த வெள்ளை டர்னெரா, மஞ்சள் காசியா, இளஞ்சிவப்புக் கொடிரோஜா.

இவை வெறும் அழகுக்காக நட்டவை அல்ல. ‘உலாட் புங்குஸ்’ எனப்படும் பைப்புழு செம்பனை ஓலையை அரித்துத் தின்றுவிடும். அந்தப் புழுவின் உடலில் முட்டையிட்டு அதை அழிக்கும் சிறு குளவிகள் உண்டு. குளவிக்குத் தேன் வேண்டும். அதற்காகத்தான் ஆண்டெல்லாம் பூக்கும் இந்தச் செடிகள்.

வீட்டு முற்றத்துக்கும் இதே கணக்குப் பொருந்தும். செடியைத் தனித்தனியாகப் பார்த்து வாங்காமல், எது எதற்குத் துணை என்று பார்த்துச் சேர்க்க வேண்டும்.

குளிர்நாடுகளில் பல்லாண்டுப் பூச்செடிகள் பனிக்காலத்தில் மடங்கி, வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும். நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே இருக்கும் கோலசிலாங்கூரில் அந்த உறக்கமே கிடையாது. பகலும் இரவும் ஏறக்குறைய சமம். அதனால்தான் கடையில் வாங்கிய சாமந்தி வீட்டில் ஏமாற்றுகிறது: நீண்ட இரவு கண்டால் மொட்டு வைக்கும் இனம் அது, இங்கத்திய இரவே அதற்கு நீண்டதாகப் படுவதால், செடி வளருமுன்பே மொட்டுக்கு அவசரப்படும். கேமரன் மலையில் பூ வளர்ப்போர் இரவில் விளக்கெரித்து அதைத் தாமதப்படுத்துகிறார்கள். வீட்டில் அதற்கு மெனக்கெடுவது வீண்.

பூசைக்குப் பறிப்பவர்கள் பூ அவிழும் நேரத்தைப் பார்த்துச் சேர்ப்பதே நல்லது. 1960இல் தேசிய மலரான செம்பருத்தி காலையில் விரிந்து மாலையில் வாடிவிடும், மறுநாளுக்கு வேறு மொட்டு காத்திருக்கும். மல்லிகை அந்தியில் மணக்கும். பவளமல்லி இரவில் பூத்து, விடியும்போது தரையில் உதிர்ந்து கிடக்கும். இவற்றோடு நந்தியாவட்டையும் வெட்சி என்னும் இட்லிப்பூவும் இருந்தால், சாமிப்படத்துக்குப் பூவில்லாத நாள் அரிது. அரளியும் அழகுதான், ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. சிறு பிள்ளைகள் விளையாடும் வாசலில் அது வேண்டாம்.

அடுத்தது மண். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் அது இடத்துக்கு இடம் மாறும்: கடலோரத்தில் ஒட்டும் களிமண், ராஜா மூசா பக்கம் ஈரம் வற்றாத கறுப்புச் சதுப்பு, பெஸ்தாரி ஜெயாவின் பழைய ஈயலம்பங்களில் சத்தில்லாத மணல். நீர் தேங்கும் களியில் நித்தியகல்யாணி வேரழுகிச் சாகும், கல்வாழையோ கொழிக்கும். இட்லிப்பூவுக்கு அமிலத்தன்மையுள்ள மண் பிடிக்கும். புதுவீட்டுச் சுவரோரம் சிமெண்டுக் கழிவு புதைந்த இடத்தில் நட்டால் இலை வெளுத்து மஞ்சளாகும். உரம் போட்டு மட்டும் அதைத் தேற்ற முடியாது.

காகிதப்பூவையும் செம்பருத்தியையும் ஒரே பாத்தியில் நடுவது பலர் செய்வது. இரண்டுக்கும் வெயில் வேண்டும், ஆனால் தண்ணீரில் ஒத்துப்போகாது. செம்பருத்திக்கு ஈரம் குறையக்கூடாது. காகிதப்பூ சற்றுக் காய்ந்தால்தான் நிறம் காட்டும், தினமும் ஊற்றினால் இலையாகவே தழைக்கும். அதற்குத் தனித்தொட்டியே சரி. தொட்டிக்கு அடியில் தட்டு மட்டும் வைக்கவேண்டாம். டெங்கிக் கொசு முட்டையிட அந்த நீர் போதும்.

புதிதாகத் தாமான் வீட்டுக்குக் குடிபோகிறவர் நாற்றுப்பண்ணைக்கு ஓட வேண்டியதில்லை. செம்பருத்தி, நந்தியாவட்டை, காகிதப்பூ எல்லாம் பென்சில் கனத்துக் குச்சியிலிருந்தே வேர்விடும். மல்லிகைக் கொடியை வளைத்து மண்ணில் பதியம் போடலாம். துளிர் வரும்வரை நிழலில் வைத்து, பிறகு மெல்ல மெல்ல வெயிலுக்குப் பழக்க வேண்டும்.