தானுந்துப் புகைபோக்கித் தொகுதியை மாற்றுதல்

தானுந்துப் புகைபோக்கித் தொகுதியை மாற்றுதல் என்பது, பொறியின் கழிவு வளிமங்களை வண்டியின் பின்புறத்துக்குக் கொண்டு செல்லும் குழாய்களும் கலன்களும் துருப்பிடித்தோ உடைந்தோ போகும்போது, அவற்றைக் கழற்றிப் புதியவற்றைப் பொருத்தும் பணியாகும். பேச்சு வழக்கில் தொகுதி முழுவதையும் "சைலன்சர்" என்பர். உண்மையில் அது தொகுதியின் ஓர் உறுப்பு மட்டுமே. தகுந்த கருவிகளும் எச்சரிக்கையும் உடையோர் இப்பணியை வீட்டிலேயே செய்ய இயலும்.

உறுப்புகள்

* புகை திரட்டுக் குழாய்: பொறியின் உருளைகளிலிருந்து வரும் புகையை ஒரே குழாயில் சேர்க்கிறது.
* ஆக்சிசன் உணரி: புகையில் எஞ்சியுள்ள ஆக்சிசனை அளந்து, எரிபொருளின் அளவைத் திருத்த உதவுகிறது.
* வினையூக்கி மாற்றி: தேன்கூடு போன்ற நுண்துளைகளில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் பூசப்பட்ட கலன். இது கார்பன் மோனாக்சைடு, எரியாத ஐதரோகார்பன்கள், நைட்ரசன் ஆக்சைடுகள் ஆகியவற்றைக் கார்பன் டை ஆக்சைடு, நீர், நைட்ரசன் என மாற்றுகிறது.
* ஒலி தணிப்பி (சைலன்சர்): அறைகளாலும் துளையிட்ட குழாய்களாலும் ஒலியைக் குறைக்கிறது. இதற்கான தொடக்ககாலக் காப்புரிமை ஒன்று 1897 இல் அமெரிக்காவின் மில்டன் ரீவ்சு, மார்சல் ரீவ்சு உடன்பிறப்புகளுக்கு வழங்கப்பட்டது.
* வால்குழாயும் தொங்கிகளும்: இரப்பர் தொங்கிகள் தொகுதியை வண்டியின் அடியில் தாங்கி, அதிர்வை உள்வாங்குகின்றன.

ஈயம் வினையூக்கியைச் செயலிழக்கச் செய்யும். இந்தியாவின் நான்கு பெருநகரங்களில் 1995 இல் புதிய பெட்ரோல் தானுந்துகளுக்கு மாற்றி கட்டாயமாக்கப்பட்டபோது, அங்கு ஈயமற்ற பெட்ரோலும் அறிமுகமானது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் கைவிடப்பட்டது.

பழுதடைவதன் காரணம்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உருவாகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் குழாய் நன்கு சூடாகி இந்நீர் வெளியேறிவிடும். குறுகிய தூரம் மட்டுமே ஓடும் வண்டியில் அது அமிலத் தன்மையுடன் ஒலி தணிப்பியினுள் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கிறது. எனவே வெளித்தோற்றம் நன்றாக இருந்தாலும் உள்ளே துருப்பிடித்திருக்கலாம். கடலோரப் பகுதிகளிலும், பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளிலும் வெளிப்புற அரிப்பும் மிகுதி.

ஒலி மிகுதல், அடியில் தகரம் அதிரும் ஓசை, இழுவைத் திறன் குறைதல் ஆகியன அறிகுறிகளாகும். ஆக்சிசன் உணரிக்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று உட்புகுந்து, உணரி தவறான அளவைக் காட்டும். அதனால் எரிபொருள் வீணாகும்.

கசிவின் ஆபத்து

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. அது குருதியின் ஈமோகுளோபினுடன் ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் இணைகிறது. கசியும் புகை வண்டியினுள் புகுந்தால் தலைவலி, மயக்கம், இறப்பு ஆகியவை நேரலாம். ஆகவே மூடிய கொட்டகையில் பொறியை ஒருபோதும் இயக்கலாகாது.

மாற்றும் முறை

1. வண்டியைச் சமமான, கெட்டியான தரையில் நிறுத்தி, பொறி முழுவதும் குளிரும்வரை காத்திருக்க வேண்டும். ஓடிய வண்டியின் மாற்றி பல நூறு பாகை வெப்பத்தில் இருக்கும்.
2. தரையில் நிற்கும் சக்கரங்களுக்குத் தடைக்கட்டை வைத்து, ஜாக்கியால் வண்டியை உயர்த்தி, உற்பத்தியாளர் குறித்த இடங்களில் தாங்கிகளை நிறுத்த வேண்டும். ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் வண்டியின் அடியில் செல்வது உயிருக்கே ஆபத்தாகும்.
3. துருத்தூள் கண்ணில் விழாதிருக்கக் கண்ணாடி அணிய வேண்டும். திருகுகளில் துரு இளக்கும் எண்ணெயைச் சில மணி நேரம் முன்பே இட்டு வைப்பது நன்று. இளகாத திருகை வீட்டில் தீயால் சூடாக்கலாகாது. எரிபொருள் குழாய்கள் அருகிலேயே செல்கின்றன.
4. உணரியின் மின்னிணைப்பை முதலில் பிரிக்க வேண்டும். பின்னர்த் தொகுதிக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, திருகுகளையும் தொங்கிகளையும் கழற்ற வேண்டும். சோப்பு நீர் தடவினால் இரப்பர் எளிதில் நழுவும்.
5. புதிய தொகுதியைப் புதிய கேஸ்கட்டுகளுடன் தளர்வாக மாட்ட வேண்டும். எரிபொருள், பிரேக் குழாய்களிலிருந்து போதிய இடைவெளி உள்ளதா எனப் பார்த்த பின்னரே, முன்னிருந்து பின்னாகத் திருகுகளை இறுக்க வேண்டும். முதலிலேயே இறுக்கினால் குழாய் கோணி, வண்டியின் அடியில் இடிக்கும்.
6. மாற்றிக்கு முன்னுள்ள இணைப்புகளில் அடைப்புப் பசை பூசலாகாது. உதிரும் துகள்கள் அதன் நுண்துளைகளை அடைக்கக்கூடும்.
7. திறந்த வெளியில் பொறியை இயக்கி, குழாய் சூடேறுமுன் இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்தால் கசிவுள்ள இடத்தில் குமிழி எழும். புதிய குழாயின் எண்ணெய்ப் பூச்சு எரிவதால் முதலில் சிறிது புகை வருவது இயல்பு. சிறிது தூரம் ஓட்டி, குளிர்ந்த பின் திருகுகளை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

சட்டநிலை

இந்தியாவில் 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ஒலி தணிப்பி கட்டாயமாகும். மாற்றியை நீக்கிவிட்டு வெறும் குழாயைப் பொருத்துவதால் நச்சு வளிமங்கள் பெருகும். அமெரிக்கா உட்படப் பல நாடுகளில் அது குற்றமுமாகும். பழைய மாற்றியில் விலையுயர்ந்த உலோகங்கள் இருப்பதால் அதனைக் குப்பையில் எறியாது மறுசுழற்சிக்குக் கொடுத்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* உள்ளெரி பொறி
* வினையூக்கி மாற்றி
* கார்பன் மோனாக்சைடு நச்சுமை