ஏரியின் மேல் ஒரு மாநகரம்

ஒரு தாம்பாளத்தில் ஒரு கருங்கல்லையும் அதன் அருகே உரித்த நுங்கு ஒன்றையும் வையுங்கள். தாம்பாளத்தை மெல்ல ஒருமுறை அசைத்து நிறுத்துங்கள். கல் தாம்பாளத்துடன் நின்றுவிடும். நுங்கோ அதன் பிறகும் தளதளவென்று ஆடிக்கொண்டிருக்கும். இந்தச் சிறு சோதனையில், உலகின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்றான மெக்சிகோ நகரத்தின் துயரக் கதை அடங்கியிருக்கிறது.

1325-ஆம் ஆண்டளவில், அஸ்டெக் மக்கள் டெக்ஸ்கோகோ என்னும் ஏரியின் நடுவே இருந்த ஒரு தீவில் தங்கள் தலைநகரை அமைத்தார்கள். 1521-இல் ஸ்பானியர் அதைக் கைப்பற்றினர். வெள்ளத்தைத் தவிர்க்க வேண்டி, 17-ஆம் நூற்றாண்டு முதல் ஏரி நீரைச் சிறிது சிறிதாக வடித்தார்கள். ஏரி மறைந்தது, ஆனால் அதன் அடியில் படிந்திருந்த களிமண் மறையவில்லை. எரிமலைச் சாம்பல் கலந்த அந்த மண்ணில், உலர்ந்த மண்ணின் எடையைப்போல் பல மடங்கு நீர் தேங்கியிருக்கிறது. அதுவே நம் நுங்கு!

1950-இல் முப்பது இலட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த நகர மக்கள்தொகை, 1980-இல் ஏறத்தாழ ஒரு கோடியே முப்பது இலட்சமாகப் பெருகியது. வேலை தேடி வந்தவர்களுக்கு வீடுகள் வேண்டும். அலுவலகங்களும் மருத்துவமனைகளும் வேண்டும். பழைய ஏரிப் படுகையின் மீது அடுக்குமாடிகள் எழுந்தன.

தொலைவில் பிறந்த அதிர்ச்சி

1985 செப்டம்பர் 19 காலை, பசிபிக் கரையோரத்தில் 8.0 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. நகரத்துக்கும் அது தோன்றிய இடத்துக்கும் இடையே 350 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. அவ்வளவு தூரம் கடந்து வரும் அதிர்ச்சி தளர்ந்துபோக வேண்டும் அல்லவா? நகரத்தின் தெற்கே, பாறைமேல் அமைந்த பல்கலைக்கழகத்தில் அது தளர்ந்துதான் போயிருந்தது. ஆனால் ஏரிப் படுகையில் இருந்த கருவி, பாறையில் பதிவானதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு முடுக்கத்தைப் பதிவு செய்தது.

நகரத்தில் நானூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் இடிந்து விழுந்தன. மூவாயிரத்துக்கும் அதிகமானவை பெருஞ்சேதமடைந்தன. மாண்டவர் தொகை ஏறத்தாழ பத்தாயிரம் எனக் கணிக்கப்படுகிறது. விழுந்தவற்றுள் மருத்துவமனைகளும் இருந்தன.

இதில் ஒரு விந்தை உண்டு. தாழ்ந்த வீடுகள் பெரும்பாலும் தப்பின. 44 மாடிகள் கொண்ட லத்தீன் அமெரிக்கக் கோபுரமும் தப்பியது. ஆறு முதல் பதினைந்து மாடி வரையிலான கட்டடங்களே பெரிதும் அழிந்தன. ஏன்?

ஊஞ்சல் தரும் விடை

ஊஞ்சலில் அமர்ந்த குழந்தையை நீங்கள் தள்ளியிருப்பீர்கள். ஊஞ்சல் திரும்பி வரும் தருணத்தில் தள்ளினால், சிறு விசையே போதும். அது மேலும் மேலும் உயரும். தருணம் தவறித் தள்ளினால் ஆட்டம் குறையும். இவ்வாறு தாளம் பொருந்துவதால் அதிர்வு பெருகுவதை ஒத்ததிர்வு என்கிறோம்.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் இயல்பான அலைவு நேரம் உண்டு. தோராயமாக, மாடி ஒன்றுக்கு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு எனக் கொள்ளலாம். பத்து மாடிக் கட்டடம் ஒருமுறை ஆடி வர ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். விரிசல் விட்டுத் தளர்ந்ததும் அந்த நேரம் நீளும். படுகையின் களிமண்ணோ அன்று இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஆடிற்று. தளர்ந்த நடுத்தரக் கட்டடங்களின் தாளமும் மண்ணின் தாளமும் ஒன்றாயின. தாழ்ந்த வீடுகளின் அலைவு நேரம் மிகக் குறைவு; கோபுரத்தினுடையது மிக அதிகம். மேலும், நெகிழ்ந்து கொடுக்கும் எஃகுச் சட்டம் கொண்ட அக்கோபுரம், சுமார் 33 மீட்டர் ஆழத்திலுள்ள கெட்டியான அடுக்குவரை இறக்கப்பட்ட முளைகளின் மேல் நிற்கிறது.

மணியோசையும் மண்ணும்

இந்தப் பேரழிவு இரண்டு பாடங்களைக் கற்பித்தது. முதலாவது, கட்டட விதிகள். பாறை, இடைநிலம், ஏரிப்படுகை என மண்ணுக்கேற்ற விதிகள் முன்பே இருந்தன. 1987-இல் படுகைக்குரிய விதி மிகவும் கடுமையாக்கப்பட்டது.

இரண்டாவது, முன்னெச்சரிக்கை. அழிவு செய்யும் நில அலை விநாடிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர்தான் செல்லும். வானொலி அலையோ மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்லும். எனவே கரையோரத்தில் உணர்கருவிகளை வைத்தால், நில அலையை முந்திக்கொண்டு செய்தி வந்துவிடும். 1991-இல் இத்தகைய அமைப்பு இயங்கத் தொடங்கியது. 1995 செப்டம்பர் 14 அன்று நேர்ந்த நிலநடுக்கத்துக்கு 72 விநாடிகள் முன்னதாகவே எச்சரிக்கை கிடைத்தது. ஒரு வகுப்பு மாணவர்கள் வரிசையாக வெளியேற அது போதும்.

ஆனால் எச்சரிக்கை மட்டும் போதுமா? 2017 செப்டம்பர் 19 முற்பகல் 11 மணிக்கு, 1985-இன் நினைவு நாள் ஒத்திகை நகரமெங்கும் நடந்தது. இரண்டு மணி நேரம் சென்றபின் உண்மையான நிலநடுக்கமே வந்துவிட்டது! இம்முறை அது தோன்றியது தொலைதூரக் கரையில் அன்று. ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில், உள்நாட்டில். பல இடங்களில் எச்சரிக்கை ஒலியும் அதிர்வும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. நகரத்தில் 228 பேர் மாண்டனர். இடிந்தவற்றுள் பல, பழைய விதிகளின்படி கட்டப்பட்டவை. ஒரு பள்ளியில் 19 குழந்தைகள் இறந்தனர். அக்கட்டடத்தின் மேல் முறையான அனுமதியின்றிப் பாரம் ஏற்றப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது.

ஓடி வெளியேற நேரமில்லாதபோது, நம்மைக் காப்பது நாம் நிற்கும் கட்டடமே. நிலநடுக்கத்தை நம்மால் தடுக்க இயலாது. ஆனால் எங்கே கட்டுகிறோம், எப்படிக் கட்டுகிறோம், விதிப்படி கட்டப்பட்டதா என்று யார் சோதிக்கிறார்கள் என்பவை நம் கையில் உள்ளவை. புதிய விதி எழுதினால் புதிய கட்டடங்கள் வலுப்பெறும். பழையவற்றைத் தேடிப் பிடித்து வலுவூட்டினால்தான் நகரம் வலுப்பெறும். விரைந்து வளரும் நகரங்களில் செலவும் உழைப்பும் மிகுந்த பணி அதுவே.

நீங்கள் வசிக்கும் தெரு, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வயலா, குளமா, மேட்டு நிலமா? வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நிலம் தன் பழைய இயல்பை மறப்பதில்லை.